அந்தக் கோட்டில் ஆரம்பம் எங்கே

முதல் நாளே அவளை எனக்குப் பிடிக்கவில்லை. அவள் ஒன்றும் செய்துவிடவில்லை. கப்பலூரில் நாங்கள் சேர்ந்த பயிற்சி மையத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள், அவ்வளவுதான். வெல்டிங் பட்டறைக்குள் வெறுங்காலோடு வருகிற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். பயிற்சி கொடுக்கிற சார், "போட்டுட்டு வாம்மா, காலு வெந்துரும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தேன்.

நான் அப்படி வந்தவன் இல்லை. அவனியாபுரத்தில் ஒரு கிரில் பட்டறையில் மீசை அரும்புகிற வயதிலிருந்து வெல்டிங் ஹோல்டர் பிடித்தவன். எங்கள் பக்கத்துத் தெருக்களில் நடந்தால், இது நான் போட்ட கேட்டு, அது நான் போட்ட ஜன்னல், அந்த மாடிப்படிக் கைப்பிடி என்னுடையது என்று காட்டிக்கொண்டே போகலாம். கல்யாணமான புதிதில் என் மனைவியை அப்படித்தான் அழைத்துப் போனேன். இரண்டு தெரு தாண்டியதும், "போதும் நடங்க, வெயிலு மண்டையப் பொளக்குது" என்று சொல்லிவிட்டாள்.

பிறகு எதற்கு உனக்குப் பயிற்சி என்று கேட்கலாம். பட்டறை வேலை நிலையில்லாதது. ஊரில் புதுவீடு கட்டுகிறவர்கள் இருக்கும்வரை ஓடும். மழைக்காலம் பிறந்தால் முதலாளியும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்போம். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. அப்போதுதான் கேள்விப்பட்டேன்: கப்பலூரில் பாய்லரும் குழாயும் செய்கிற ஒரு கம்பெனி, அந்த மையத்தில் பயிற்சி முடித்துத் தேர்வில் தேறுகிறவர்களில் ஒருவரை நிரந்தர வேலைக்கு எடுத்துக்கொள்ளுமாம். ஒரே ஒருவரை. செக்கானூரணிக்கு மேற்கே தோட்டமும் மாடுமாக இருக்கிற எங்கள் குடும்பத்தில் கம்பெனிச் சட்டை போட்டவர் கிடையாது. அந்த இடம் எனக்குத்தான் என்று பெயர் கொடுப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட்டேன். மற்றவர்கள் பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்த பையன்கள். என்னோடு யார் போட்டிக்கு வருவது?

செருப்பைக் கழற்றியவள் வந்தாள்.

அவள் மகால் பக்கத்துச் சௌராஷ்டிரா வீட்டுப் பெண். பி.காம். படித்துவிட்டு விளக்குத்தூண் அருகே ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாளாம். நாள் முழுக்க ஒரே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பது சலித்துவிட்டதாம். சலித்துப்போனால் சினிமாவுக்குப் போவார்கள், அழகர்கோயிலுக்குப் போவார்கள். வெல்டிங் படிக்க வந்த ஆளை என்னவென்று மதிப்பது?

தொடக்கத்தில் அவள் வெல்டிங் ராடு தகட்டோடு தகடாக ஒட்டிக்கொள்ளும். தட்டுவாள், ஒட்டும், பிடுங்குவாள், மறுபடி ஒட்டும். நான் பெரிய மனதோடு போய், "தீக்குச்சி ஒரசுற மாதிரி ஒரசி எடும்மா" என்று சொல்லிக்கொடுத்தேன். "சரிண்ணே" என்றாள். அந்த நாட்களில் எனக்கு அவளைப் பிடித்திருந்தது என்றே சொல்ல வேண்டும். தெரியாதவர்களைப் பிடிப்பது சுலபம்.

ஆடி முடிவதற்குள் அது மாறிவிட்டது. ஒருநாள் சார், இடுக்கியால் ஒரு தகட்டைத் தூக்கிக்கொண்டு நடுவில் வந்து நின்றார். இரண்டு தகட்டை ஒன்றாகச் சேர்த்த வெல்டிங் கோடு. ஒரே அகலம், ஒரே சீரான வரி. "போட்டவங்க நடுவுல ராடு மாத்திருக்காங்க. எந்த எடத்துல நிறுத்தி எந்த எடத்துல ஆரம்பிச்சாங்கன்னு யாராச்சும் சொல்லுங்க பாப்போம்" என்றார். பையன்கள் குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். நான் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"அங்க இல்லண்ணே" என்று பின்னால் ஒரு குரல் வந்தது. அவளுடையது. தகடும் அவளுடையதுதான்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. வெளியே போய்க் குழாயில் முகம் கழுவினேன். என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று முழுக்க எல்லோரும் என்னையே பார்ப்பதாக எனக்குப் பட்டது.

என் கோடும் மோசமில்லை. ஓட ஆரம்பித்துவிட்டால் நன்றாகவே ஓடும். ஆனால் எங்கெல்லாம் ராடைத் தட்டித் தொடங்கினேனோ அங்கெல்லாம் ஓர் ஊசி ஓட்டை இருக்கும். சாருக்கு என்னைவிட வயது குறைவு. அதனால் பக்குவமாகச் சொல்வார்: "ஓட்டம் அருமையா இருக்குண்ணே. ஆரம்பம் மட்டும் எங்கயோ வழுக்குது. டெஸ்ட்ல நடுவுல நிறுத்தி மறுபடி ஆரம்பிக்கச் சொல்லுவாங்க. அந்த எடத்தத்தான் வெட்டி வளைச்சுப் பாப்பாங்க." ராடு நமுத்துப்போயிருக்கிறது என்றேன். வேறு ராடு கொடுத்தார். எர்த் வயர் சரியில்லை என்றேன். மாற்றினார். காற்று அடிக்கிறது என்றேன். கதவைச் சாத்தினார். ஓட்டை அப்படியே இருந்தது.

பட்டறையில் இதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை. ஓட்டை விழுந்தால் மேலே இன்னொரு புள்ளி வைப்போம். கிரைண்டர் போடுவோம், பட்டி பார்ப்போம், பெயிண்ட் அடிப்போம். வீட்டுக்காரர் கேட்டைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகப் போவார். இங்கே கிரைண்டரைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கிரைண்டர் இல்லாமல் எனக்குக் கை ஒடிந்தது போல இருந்தது.

அவளைப் பற்றிய ஒவ்வொன்றும் என்னைக் குத்த ஆரம்பித்தது. அவள் டிபன் பாக்ஸ் மூடி ஒரே அழுத்தில் மூடிக்கொள்ளும், எனக்கு ஆகாது. என் சட்டையெல்லாம் பொத்தலாக இருக்க, அவள் சட்டையில் ஒரு தீப்பொறி ஓட்டைகூட இருக்காது, எனக்கு ஆகாது. சாப்பாட்டு நேரத்தில் அவள் அம்மாவோடு போனில் அவர்கள் வீட்டுப் பாஷையில் பேசுவாள். எனக்கு ஓர் எழுத்தும் புரியாது. நடுவில் 'வெல்டிங்' என்று ஒரு சொல் வரும், ஒரு சிரிப்பு வரும். என்னைப் பற்றித்தான் சிரிக்கிறாள் என்று நானே தீர்மானித்து, அந்தச் சோற்றை மென்று விழுங்குவேன். வீட்டுக்குப் போய், "இன்னைக்கு அந்தப் புள்ள என்னத்தப் போட்டுச்சு தெரியுமா" என்று தொடங்கினால் என் மனைவி தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். தினமும் ஒரு பெண்ணைப் பற்றியே பேசுகிற புருஷனை எந்தப் பொம்பளை உட்கார்ந்து கேட்பாள்? அவளுக்கு ஒரு எரிச்சல், எனக்கு ஒரு எரிச்சல். இரண்டும் வேறு வேறு.

தேர்வு நெருங்கியதும் சார் எங்களை ஜோடி ஜோடியாகப் பிரித்தார். ஒருவர் வெல்டிங் போட வேண்டும். மற்றவர் தன்னுடைய ஹெல்மெட் கண்ணாடி வழியாகப் பார்த்துக் குறையைச் சொல்ல வேண்டும். எனக்கு அவளைப் போட்டார். அவர் வேண்டுமென்றே செய்தாரா, வரிசைப்படி வந்ததா, தெரியவில்லை.

நான் போட்டேன். நிறுத்தினேன். மறுபடி தொடங்கினேன். ஹெல்மெட்டைத் தூக்கினால் அவள் என் தகட்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, ஒன்னு சொல்லவா?"

"சொல்லு."

"ராடத் தட்டுறப்ப உங்க தல லேசா இந்தப் பக்கம் திரும்புது. ஒவ்வொரு தடவையும்."

"திரும்பட்டும். கழுத்துன்னா திரும்பத்தான் செய்யும்."

"அதில்லண்ணே. கண்ணயும் மூடிக்கிறீங்களோன்னு தோணுது."

"கண்ண மூடிக்கிட்டு வெல்டிங் வைக்க நான் என்ன கிறுக்கனா?"

"சரிண்ணே" என்று சொல்லிவிட்டு அவள் சுத்தியலை எடுத்துக் கோட்டின் மேல் படிந்த கசடைத் தட்ட ஆரம்பித்தாள். அதற்கு மேல் வாதாடவில்லை. வாதாடியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

பஸ்ஸில் வரும்போது கொதித்துக்கொண்டு வந்தேன். தேர்வுக்கு முன்னால் என்னைக் குழப்பிவிடப் பார்க்கிறாள், இருக்கிறது ஒரே இடம், அவளும் அதற்குத்தானே வந்திருக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பஸ் திருப்பரங்குன்றம் தாண்டியபோது வேறு ஒன்று நினைவுக்கு வந்தது.

கிரில் பட்டறையில் எங்கள் வேலை முறை இதுதான்: ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொரு கையில் ஹோல்டர். கண்ணை மறைக்கிற கறுப்புக் கண்ணாடியைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? அதனால் இடத்தைப் பார்த்துக்கொள்வோம், ராடைப் பக்கத்தில் கொண்டுபோவோம், முகத்தைத் திருப்புவோம், கண்ணை மூடுவோம், தட்டுவோம். நாளெல்லாம் இப்படியே புள்ளி புள்ளியாக வைப்போம். நேரத்துக்கு மூடத் தெரியாதவன் அந்த வெளிச்சம் பட்டுச் சாயங்காலம் கண்ணில் மண் விழுந்தது போலத் துடித்துக்கொண்டு, உருளைக்கிழங்கு வில்லையை வைத்துப் படுத்திருப்பான். நல்ல வெல்டர் என்றால் எங்களுக்கு அர்த்தமே, கண்ணை மூடினாலும் இடம் தப்பாதவன் என்பதுதான். நான் இடம் தப்பாதவன். பட்டறையில் அதற்காகவே எனக்கு ஒரு பெயர் உண்டு.

வீட்டுக்குப் போனதும் மகளின் பென்சிலை எடுத்துக்கொண்டு, சாப்பிடுகிற தட்டைத் தரையில் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். மனைவியை எதிரே உட்காரச் சொன்னேன்.

"நான் பென்சில இந்தத் தட்டுல தட்டுவேன். நீ என் கண்ணையே பாரு."

"எதுக்கு?"

"பாரு சொல்றேன்."

தட்டினேன்.

"மூடுனீங்க" என்றாள்.

"மூடல."

"மூடுனீங்க. சாமி கும்புடுற மாதிரி மூடுனீங்க."

மறுபடி தட்டினேன். திறந்துதான் வைத்திருந்தேன், சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மகளும் வந்து உட்கார்ந்து, நான் தட்டும்போதெல்லாம் தானும் கண்ணை மூடிக் காட்டினாள். கரண்டும் இல்லை, தீயும் இல்லை, வெறும் பென்சில். அதற்கே என் கண் மூடிக்கொண்டது. ஹெல்மெட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்தும் நான் இருட்டில்தான் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். கண்ணைத் திறப்பதற்குள் ராடு எங்கோ தூரத்தில் நின்று எரிந்து, ஓட்டையைப் போட்டுவிட்டு வரும்.

"யாரு கண்டுபிடிச்சா?" என்று கேட்டாள் மனைவி.

"ஒரு பொண்ணு."

"அந்தப் பொண்ணா?"

"அந்தப் பொண்ணுதான்."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. தட்டை எடுத்து நிமிர்த்திக் கழுவப் போட்டாள். "உங்க கண்ண அம்புட்டு உத்துப் பாத்துருக்கா" என்றாள். கண்ணைப் பார்க்கவில்லை, கழுத்தைத்தான் பார்த்தாள் என்று விளக்கப் போய் நிலைமை இன்னும் மோசமானது.

கண்ணைத் திறந்து வைப்பது இவ்வளவு பெரிய வேலை என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. மனம் திறந்து வை என்கிறது, இமை கேட்க மாட்டேன் என்கிறது. திறந்து வைத்தால் கை தடுமாறி ராடு ஒட்டிக்கொண்டது, அவளுக்கு முதல் வாரம் ஒட்டியது போலவே. பையன்கள் கள்ளத்தனமாகச் சிரித்தார்கள். அவள் பார்த்தாள், சிரிக்கவில்லை. அவள் சிரித்திருந்தால் அன்றைக்கே ஆறியிருப்பேன்.

பிறகு ஒருநாள் பிற்பகல் அது நடந்தது. ராடைக் கொண்டுபோனேன், தட்டினேன், கண் திறந்தே இருந்தது. கண்ணாடியின் பச்சை இருட்டுக்குள் ஒரு பொட்டு வெளிச்சம் பிறந்தது. அதன் கீழே இரும்பு மெதுவாகக் கலங்கி, இளகி, ஒரு சிறு குளமாகச் சேர்ந்தது. ராடை எவ்வளவு நெருக்க வேண்டும், எப்போது நகர்த்த வேண்டும் என்று அந்தக் குளமே சொன்னது. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடம் ஹோல்டர் பிடித்தும் தீ பிடிக்கிற அந்தக் கணத்தை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தால் என்று சொன்னால் அழகாக இருக்கும். ஆனால் அவள் இதை முதல் நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்புதான் முன்னால் வந்தது. ஜவுளிக்கடையில் பில் போட்டவளுக்கு முதல் நாளே கிடைத்தது, எனக்கு இப்போதுதான் கிடைக்கிறது.

தேர்வு நாளன்று கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். ஆளுக்கு ஒரு ஜோடித் தகடு. நடுவில் "நிறுத்துங்க" என்றார் சார். நிறுத்தினோம். "ஆரம்பிங்க" என்றார். நான் ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டே, "தொற" என்று சொல்லிக்கொண்டு தட்டினேன். திறந்துதான் இருந்தது. பிறகு அந்த இடத்தைப் பட்டையாக வெட்டி, அழுத்தும் இயந்திரத்தில் வைத்து லாடம் போல வளைத்தார்கள். பையன்களில் பலருடையது வாய் பிளந்தது. என்னுடையது பிளக்கவில்லை. வளைவின் முதுகில் ஒரு சின்னத் தழும்பு மட்டும் தெரிந்தது. அந்த அதிகாரி அளந்து பார்த்துவிட்டு, "பரவால்ல, பாஸ்" என்றார். அவளுடையது வளைந்த பிறகும் வழவழவென்று இருந்தது. எது தகடு, எது வெல்டிங் என்று அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

எனக்கு இடம் போய்விட்டது என்று தெரிந்துவிட்டது. வீட்டில் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேட ஆரம்பித்துவிட்டேன்.

அந்த அதிகாரி என் பக்கம் திரும்பி, "நீங்க ஒன்னாந்தேதி வந்து சேந்துக்கங்க" என்றார்.

சார் குறுக்கே வந்தார். "சார், அந்தப் பொண்ணோட பீஸப் பாத்தீங்கள்ல?"

"பாத்தேன், பாத்தேன். முதல் தரம். ஆனா நமக்குச் சைட்டு வேலை. வெளியூர்ல ஷெட்டுல தங்கணும். லேடீஸ்க்கு அங்க வசதி கிடையாது."

"சேக்குறப்ப யாரும் அதச் சொல்லலையே சார்" என்றாள் அவள். குரல் உயரவில்லை, ஆனால் கையிலிருந்த சுத்தியலை மேஜையில் வைத்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அந்த அதிகாரி காகிதங்களை அடுக்கினார்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வேலை கிடைத்தால் யாருக்கு இருக்காது? அந்தச் சந்தோஷம் பஸ் நிறுத்தம் வரைக்கும் இருந்தது. அவள் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தாள். திட்டுவாள், அழுவாள், மூஞ்சியைத் திருப்பிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேன் என்ன, வேண்டிக்கொண்டேன். ஒரு தடவையாவது அவள் என்னைப் பார்த்து வயிறு எரியட்டும் என்று இருந்தது எனக்கு.

"நல்லதுண்ணே, வீட்ல சந்தோசப்படுவாங்க" என்றாள்.

"ஒனக்கு என் மேல கோவம் இல்லையா?"

"உங்க மேல எனக்கென்னண்ணே கோவம்? அந்தாளு மேலதான். இதயே மொதல்ல சொல்லிருந்தா வேற எடம் பாத்துருப்பேன்ல." அவள் பஸ் வந்துவிட்டது. படியில் ஏறிக்கொண்டே திரும்பினாள். "உங்க பீஸு நல்லாருந்துச்சுண்ணே. ஆரம்பம் மட்டும் இன்னும் லேசாத் தெரியுது."

பஸ் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். வேலையை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். அவளுக்கு என் மேல் துளிப் பொறாமை இல்லை. என் கைவேலையில் அவள் பொறாமைப்பட எதுவும் இல்லை என்பதுதான் என்னைத் தின்றது.

இப்போது கம்பெனிச் சட்டை போடுகிறேன். மகள் பள்ளிக்கூடத்தில் அதைப் பெருமையாகச் சொல்கிறாளாம். எங்கள் பயிற்சி ஆட்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் போன மாதம் அவள் ஒரு படம் போட்டிருந்தாள். வில்லாபுரத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலை செய்கிற ஓர் இடத்தில் இருக்கிறாள். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் பயணிகள் உட்காரச் சில பெஞ்சுகள் போட்டிருக்கிறார்களாம், அத்தனையும் அவள் கை. கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். நானும் ஒரு கட்டைவிரல் போட்டேன். போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போக ஆரப்பாளையம் போனோம். மனைவி ஒரு பெஞ்சில் பையை வைத்து உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். என் கை தானாகப் பெஞ்சுக்கு அடியில் போனது. மேலே எல்லாம் மெருகு போட்டிருப்பார்கள். அடியில் கால் சேருகிற இடத்தில் கோடு போட்டபடியே இருக்கும். விரலால் ஒரு சுற்றுத் தடவினேன். எழுந்து, பாண்ட்டில் மண் படக் குனிந்து பார்த்தேன்.

"காசு விழுந்துருச்சா?" என்றாள் மனைவி.

"இல்ல."

அவள் பெஞ்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அந்தப் பொண்ணு போட்டதா?"

நான் மறுபடி விரலை அடியில் விட்டேன். அவளும் கையைக் கீழே விட்டுத் தடவிப் பார்த்தாள். "என்னத்தத் தேடுறீங்க?"

"எங்க ஆரம்பிச்சான்னு பாக்குறேன்."

"கண்டுபிடிச்சு?"

"நிம்மதியாத் தூங்குவேன்."

உசிலம்பட்டி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கூப்பிட்டார். மகள் அம்மாவின் கையை இழுத்தாள். மனைவி எழுந்து பஸ்ஸைப் பார்த்தாள், பிறகு மறுபடி பையை வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"அந்தக் கால்லயும் பாத்துருங்க. அடுத்த பஸ்ஸுல போவோம்" என்றாள்.

நான் பெஞ்சின் மறுபக்கம் போய்க் குனிந்தேன்.